ஓடும் ஸ்கிரிப்ட்டின் மேல் எழுதியபோது: கியோட்டோவில் அழிந்த 77 டெராபைட்

2021 டிசம்பர் 14 மாலை 5.32 மணி முதல் டிசம்பர் 16 பிற்பகல் 12.43 வரை, அதாவது 43 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியின் சேமிப்பகத்தில் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்துகொண்டிருந்தன. எல்லாம் நின்றபின் எண்ணிப் பார்த்ததில் ஏறத்தாழ 77 டெராபைட் அளவுள்ள, சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயிருந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப் படியிலிருந்தும் மீட்க முடியவில்லை. வெளியிலிருந்து ஊடுருவியவர் எவரும் இல்லை, வட்டு எதுவும் பழுதாகவும் இல்லை. கோப்புகளைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட பேக்கப் ஸ்கிரிப்ட்தான், அதாவது காப்புப் படி எடுக்கும் கட்டளைத் தொகுப்புதான், அவற்றை அழித்தது. மீக்கணினியை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் ஜப்பான் கிளை, முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டது.

பேக்கப்பை ஓரிடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்று சொல்வதற்காகவே இந்த நிகழ்வைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது சரிதான், ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இதில் அதைவிடக் கூர்மையான செய்தி ஒன்று இருக்கிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லில் > குறியைப் போட்டு, கட்டளையின் வெளியீட்டைத் திரைக்குப் பதிலாகக் கோப்புக்குத் திசைதிருப்பும்போது, கை தவறி நல்ல கோப்பு ஒன்றை வெறுமையாக்கிவிடுகிறோமே, அந்த அன்றாடப் பிழையும் கியோட்டோவில் நடந்ததும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டிலும், ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தின் மீது, அதை வேறு யாராவது படித்துக்கொண்டிருக்கிறார்களா, அது இன்னும் தேவையா என்று பாராமல், இருந்த இடத்திலேயே புதியது எழுதப்படுகிறது.

அன்று நடந்தது

லார்ஜ்0 என்று பெயரிடப்பட்ட பெரிய சேமிப்புப் பகுதிக்குக் காப்புப் படி எடுக்கும், பாஷ் என்ற ஷெல்லுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு மேல் பழையதாகிவிட்ட பதிவுக் கோப்புகளை, அதாவது லாக் கோப்புகளை, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு அழிக்கும் பகுதியும் அதில் இருந்தது. படிப்பவருக்கு எளிதாக விளங்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில், அந்த அழிப்புப் பகுதிக்குத் தரப்படும் மாறியின், அதாவது ஒரு மதிப்பைத் தாங்கும் இடத்தின், பெயரைத் திருத்தி, புதிய ஸ்கிரிப்ட்டை நிறுவனம் வெளியிட்டது. வெளியிட்ட முறையில்தான் வினை இருந்தது. பழைய ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டது. ஓட்டத்தின் நடுவில் இருந்த பாஷ், மீதி வரிகளைப் புதிய ஸ்கிரிப்ட்டிலிருந்து படித்தது. மாறிக்கு மதிப்புக் கொடுத்த வரிகள் பழைய பெயரில் ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தன. அழிக்கும் வரிகளோ புதிய பெயரைக் கேட்டன. அப்பெயரில் மதிப்பு எதுவும் இல்லை. லாக் கோப்புகள் இருந்த அடைவை, அதாவது ஃபோல்டரை, விட்டுவிட்டு, லார்ஜ்0 பகுதியின் கோப்புகள் மீதே அழிப்பு பாய்ந்தது.

மதிப்பில்லாத மாறி எப்படி இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்கலாம். ஷெல்லில், அறிவிக்கப்படாத மாறி பிழை ஆகாது; அது வெற்றுச் சரமாகிவிடும். ஃபைண்டுக்கு அடைவின் பெயராக மேற்கோள் குறியின்றி அப்படியொரு மாறியைக் கொடுத்தால், லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு ஃபைண்ட் அடைவின் பெயரே கொடுக்கப்படவில்லை என்று கொண்டு, தான் நிற்கும் அடைவிலிருந்து தேடத் தொடங்கிவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாறி மறைந்து, சாய்கோடு மட்டும் எஞ்சி, தேடல் கோப்பு மரத்தின் வேரிலிருந்தே தொடங்கும். ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் "செட் -யூ" என்ற ஒரே வரி நடப்பில் இருந்திருந்தால், மதிப்பில்லாத மாறியைத் தொட்ட கணத்திலேயே பாஷ் பிழை காட்டி நின்றிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லில் இந்த அமைப்பு நிலைத்திருக்கும் என்பதால், கோப்பு நடுவில் மாறினாலும் அது செயல்பட்டிருக்கும்.

பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் இன்னொரு தேதி உண்டு. டிசம்பர் 3 மாலை 5.32-க்குப் பின் திருத்தப்படாத கோப்புகளே அழிந்தன. பத்து நாள் என்று சொல்லிவிட்டுப் பதினொரு நாள் பின்னால் போகிறதே என்று தோன்றும். ஃபைண்டின் "-எம்டைம் +10" என்ற நிபந்தனை, கோப்பின் வயதை 24 மணி நேரக் கட்டுகளாக வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, கிடைக்கும் முழு எண் பத்தைவிடப் பெரியதா என்று பார்க்கும். எனவே பதினொரு நாள் நிறைந்த கோப்புதான் அதில் சிக்கும். டிசம்பர் 14-இலிருந்து பதினொன்றைக் கழித்தால் 3 வருகிறது; மணியும் நிமிடமும் பிசகாமல் பொருந்துகின்றன. லாக் கோப்புகளுக்கு இட்ட வயது வரம்பு, ஆய்வுக் கோப்புகளின் மீது அப்படியே செயல்பட்டிருக்கிறது. அந்த வாரம் வேலை நடந்த கோப்புகள் தப்பின. முடித்துப் பத்திரமாக வைத்த பழைய முடிவுகள் போயின.

பெயரும் சர்வே எண்ணும்

யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. அடைவில் இருப்பது பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. அந்த எண்ணை ஐநோட் என்கிறோம். கோப்பின் உள்ளடக்கம், அளவு, உரிமை எல்லாம் அதைச் சேர்ந்தவை. நம் ஊர் நிலப் பதிவை நினைத்துக்கொண்டால் விளங்கும். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாறலாம். சர்வே எண் நிலத்தோடு இருக்கும். ஒரு நிரல் கோப்பைத் திறந்தபின் பெயரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கோப்பைப் "புதியதாக மாற்றுவது" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது, இதனால் இரண்டு வெவ்வேறு செயல்களாகிறது. முதலாவது, அதே எண்ணுக்குரிய உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே எழுதுவது. நகலெடுக்கும் சிபி கட்டளை, இலக்குக் கோப்பு ஏற்கெனவே இருந்தால், இதைத்தான் செய்யும், வேறு கணினிக்கு நகலெடுக்கும் எஸ்சிபியும் அப்படியே, > குறியும் அப்படியே. இரண்டாவது, வேறோர் எண்ணில் புதிய கோப்பை முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மட்டும் அதற்கு மாற்றித் தருவது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றும் எம்வி கட்டளை செய்வது இது. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் பழைய உள்ளடக்கத்தையே இறுதிவரை படித்து முடிக்கும். அதன்பிறகே அந்த இடம் விடுவிக்கப்படும்.

பாஷ் ஒரு ஸ்கிரிப்ட்டை முழுவதும் படித்து மனத்தில் வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்குவதில்லை. ஒரு கட்டளையைப் படிக்கும், ஓட்டும், விட்ட இடத்திலிருந்து அடுத்ததைப் படிக்கும். விட்ட இடம் என்பது வரி எண் அன்று, கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற கணக்கு. இடையில் அதே ஐநோட்டில் வேறு எழுத்துகள் வந்து உட்கார்ந்தால், அந்த பைட்டில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து படிப்பு தொடரும். ஒரு சொல்லின் நடுவிலும் இறங்கலாம். பைத்தான் போன்றவை கோப்பை முழுதாகப் படித்துத் தொகுத்த பின்பே ஓடுவதால் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. தொகுக்கப்பட்ட நிரல்களுக்கு, இயங்குதளத்தின் கருவான கெர்னலே காவல் நிற்கிறது. ஓடும் இருமக் கோப்பில் எழுத முயன்றால் லினக்ஸ் மறுத்துவிடும். ஸ்கிரிப்ட்டுக்கு அந்தக் காவல் கிடையாது, ஏனென்றால் கெர்னலின் கண்ணில் ஓடுவது பாஷ். ஸ்கிரிப்ட் என்பது பாஷ் படிக்கும் ஏதோ ஒரு கோப்பு, அவ்வளவே.

இதை வீட்டுக் கணினியிலேயே சோதிக்கலாம். "ஸ்லீப் 30" என்று ஒரு வரியும், அதற்குப் பின் ஏதாவது எழுத்தை அச்சிடும் ஒரு வரியும் கொண்ட சிறு ஸ்கிரிப்ட்டை பாஷில் ஓடவிட்டு, அது உறங்கும் நேரத்தில், முதல் வரியை அப்படியே வைத்து இரண்டாம் வரியை மட்டும் மாற்றிய வேறொரு கோப்பை சிபியால் அதன்மேல் எழுதிப் பாருங்கள். விழித்ததும் புதிய வரி ஓடும். அதையே எம்வியால் செய்தால் பழைய வரிதான் ஓடும். இரு முறையும் "எல்எஸ் -ஐ" கொடுத்தால், முதல் தடவை ஐநோட் எண் மாறாமலும் இரண்டாவது தடவை மாறியும் இருப்பது தெரியும். ஒரு நிமிடச் சோதனைதான், ஆனால் விளக்கம் கேட்டு நம்புவதும் கண்ணால் பார்ப்பதும் வேறு.

> குறி செய்வது

இப்போது திசைதிருப்பலுக்கு வருவோம். சார்ட் என்பது கோப்பின் வரிகளை வரிசைப்படுத்தும் கட்டளை. "சார்ட் பட்டியல் > பட்டியல்" என்ற கட்டளையை ஒரு முறையாவது அடித்து, வெறுமையான பட்டியலைப் பார்த்து விழித்திராத ஷெல் பயனர் அரிது, நானும் விழித்திருக்கிறேன். சார்ட் மீது அதில் எந்தக் குற்றமும் இல்லை. கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே, ஷெல் இலக்குக் கோப்பைத் திறந்து, அதன் நீளத்தைச் சுழியமாக்கிவிடுகிறது. சார்ட் வந்து பார்க்கும்போது படிக்க எதுவும் இல்லை. கட்டளையின் பெயரையே தவறாக அடித்திருந்தாலும், அப்படியொரு கட்டளை இல்லை என்ற செய்தி திரையில் வருவதற்குள் கோப்பு காலியாகியிருக்கும். "கேட் பட்டியல் | சார்ட் > பட்டியல்" என்று குழாய் வைத்து, அதாவது கோப்பைப் படித்துத் தரும் கேட்டின் வெளியீட்டைச் சார்ட்டுக்கு அனுப்பி, எழுதினால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அது இன்னும் கெடுதல், ஏனென்றால் கேட் முந்துகிறதா, துடைப்பு முந்துகிறதா என்பது ஒவ்வொரு முறையும் மாறலாம். சோதனையில் பத்து முறை சரியாக வந்தது பதினொன்றாவது முறை கவிழ்க்கும்.

ஆர்எம் கட்டளையால் அழிப்பதைவிட > குறியால் வெறுமையாக்குவது ஒரு வகையில் கொடியது. ஆர்எம் பெயரைத்தான் எடுக்கிறது. அந்தக் கோப்பை வேறு ஏதாவது நிரல் திறந்து வைத்திருந்தால் உள்ளடக்கம் இன்னும் உயிரோடிருக்கும், லினக்ஸில் ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் புராக் அடைவின் வழியாக அதை வெளியே எடுத்துவிட முடியும். துடைக்கப்பட்ட கோப்பில் அந்த வழி இல்லை. திறந்து வைத்திருப்பவரும் அதே ஐநோட்டைத்தான் பார்க்கிறார், அவருக்கும் அது காலி.

இரவுநேர பேக்கப் ஸ்கிரிப்ட்டுகளில் இது இன்னொரு முகம் காட்டும். தரவுத்தளத்தின் படியை ஒவ்வொரு நாளும் ஒரே பெயருள்ள கோப்புக்கு > குறியால் அனுப்பினால், இன்று படி எடுப்பது தொடக்கத்திலேயே தோற்றாலும் நேற்றைய நல்ல படி அதற்குள் போயிருக்கும். கையில் எஞ்சுவது, தேதி புதிதாக இருப்பதால் நம்பிக்கையூட்டும், சுழிய பைட் கோப்பு. தேதியைப் பெயரில் சேர்ப்பது உதவும். ஆனால் அதிலும் 24 மணிக் கணக்குக்குப் பதிலாக 12 மணிக் கணக்கில் மணியைச் சேர்த்து, அதிகாலை இரண்டு மணிப் படியைப் பிற்பகல் இரண்டு மணிப் படி விழுங்கும்படி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டுகள் உண்டு.

நோகிளாபர்: எது வரை

இந்தப் பிழைக்கு ஷெல்லுக்குள்ளேயே ஒரு பூட்டு வெகுகாலமாக இருக்கிறது. 1970களின் இறுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், நோகிளாபர் என்ற அமைப்போடு வந்தது. பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல்லும் அதை எடுத்துக்கொண்டது. இன்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸிலேயே அது உண்டு. "செட் -ஓ நோகிளாபர்" என்று எழுதினாலும், செட் கட்டளையோடு பெரிய எழுத்து சி-யைக் கொடுத்தாலும் ஒன்றுதான். அதன்பின் > குறி, ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் கோப்பைத் தொட மறுத்துப் பிழை காட்டும். தெரிந்தே மேலெழுத வேண்டிய இடத்தில் >| என்று எழுதவேண்டும். சி ஷெல்லில் அதன் வடிவம் >! ஆகும். எழுதியதை விழுங்கிவிடும் டெவ் நல் போன்ற சாதனக் கோப்புகளுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் வழக்கமான வேலைகள் கெடுவதில்லை.

இந்தப் பூட்டைப் பலரும் பாஷின் தொடக்க அமைப்புகளைக் கொண்ட பாஷ்ஆர்சி கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கே போட்டால் அது முனையத்தில் நாம் கையால் அடிக்கும் கட்டளைகளுக்கு மட்டுமே காவல். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் ஓட்டும் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தலைப்பிலும் தனியாக எழுதவேண்டும். பாசிக்ஸ் அமைப்பு என்பதால் டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்ற பெயரில் இருக்கும் டேஷ் ஷெல்லிலும் அது செல்லும்.

இரண்டாவது வரம்பு முக்கியமானது: நோகிளாபர் ஷெல்லின் சொந்தத் திசைதிருப்பலை மட்டுமே கட்டுப்படுத்தும். சிபி, எம்வி, டீ, டிடி ஆகியவை தாமே கோப்பைத் திறந்து எழுதுவதால் அவற்றுக்கு இந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. கியோட்டோவில் புதிய ஸ்கிரிப்ட் ஒரு நகல் கட்டளையால் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கணினியின் எல்லா ஷெல்களிலும் நோகிளாபர் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அதனால்தான், நோகிளாபரை நல்ல பழக்கம் என்று சொல்வேனே தவிர, தீர்வு என்று சொல்லமாட்டேன். மேலும், கோப்பு கட்டாயம் மாறவேண்டிய இடத்தில் அது வழியை அடைக்கிறது, வழியைக் காட்டுவதில்லை. எரிச்சலடைந்தவர் எல்லா இடத்திலும் >| போடத் தொடங்கிவிட்டால் பூட்டு இருந்தும் இல்லாத கதைதான்.

ஆனால் இதற்கு வேறொரு பயன் உண்டு, அது நம் நிகழ்வுக்கு நேரடியாகப் பொருந்தும். நோகிளாபர் நடப்பில் இருக்கும்போது, இல்லாத கோப்பை ஷெல் உருவாக்கும் செயல் பிளவுபடாதது; இரண்டு நிரல்கள் ஒரே கணத்தில் முயன்றாலும் ஒன்றுதான் வெல்லும், மற்றதற்குப் பிழை வரும். எனவே அது பூட்டுக் கோப்புக்கு, அதாவது வேலை நடக்கிறது என்று மற்றவர்க்கு அறிவிக்கும் கோப்புக்கு, உகந்த கருவி. பேக்கப் தொடங்கும்போது இப்படியொரு கோப்பை உருவாக்கி, முடியும்போது, முடிவில் தானே ஓடவேண்டியதைக் குறித்து வைக்கும் டிராப் கட்டளையின் வழியாக நீக்கினால், புதிய ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவருபவரும் அதே கோப்பை உருவாக்க முயன்று, முடியாவிட்டால் காத்திருக்கலாம். மின்தடைக்குப் பின் பூட்டுக் கோப்பு அநாதையாக நின்றுவிடும் என்பது இதன் குறை. உள்ளே, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண்ணை எழுதி வைத்தால் சரிபார்க்கலாம்.

மாற்றி எழுதும் முறை

வெளியீட்டுக்கும் ஸ்கிரிப்ட் புதுப்பிப்புக்கும் முறை ஒன்றே. இலக்கு இருக்கும் அதே அடைவில் எம்கேடெம்ப் கட்டளையால் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, வெளியீட்டை அதற்குள் அனுப்பி, கட்டளை வெற்றியோடு முடிந்ததா என்று பார்த்து, உள்ளடக்கத்தையும் ஒருமுறை சோதித்து, அதன்பிறகே எம்வியால் உரிய பெயருக்கு மாற்றவேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் படி எடுக்கும் பிஜி-டம்ப் எழுதும் எழுத்துவடிவப் படியின் கடைசிப் பகுதியில் படி நிறைவுற்றது என்ற குறிப்பு வரி இருக்கும். மைஎஸ்கியூஎல் படியிலும் வழக்கமாக அப்படி ஒன்று உண்டு. அந்த வரி இருக்கிறதா என்று கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கொண்டு பார்ப்பது, கோப்பின் அளவு சுழியமில்லை என்று மட்டும் பார்ப்பதைவிட எத்தனையோ மடங்கு மேல். குழாயின் நடுவில் உள்ள கட்டளை தோற்றது கடைசிக் கட்டளையின் வெற்றியில் மறைந்துவிடாதிருக்க, பாஷில் பைப்ஃபெயில் அமைப்பையும் போடவேண்டும்.

இந்த முறையில் வழுக்கும் இடங்கள் சில. எம்கேடெம்ப் கோப்பை உருவாக்கிவிட்டே பெயரைத் தருகிறது. ஆகவே நோகிளாபர் நடப்பில் இருந்தால் அதற்குள் > குறியால் எழுதுவது மறுக்கப்படும், அங்கே >| எழுதுவதே முறை. அதன் அனுமதி 0600 என்று, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடியதாக, இருக்கும். பிறர் படிக்கவேண்டிய கோப்பானால் பெயர் மாற்றும் முன், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் தேவை. தற்காலிகக் கோப்பை டெம்ப் அடைவில் வைத்து, அது வேறு கோப்பு முறைமையில் இருந்தால், எம்வி பெயர் மாற்றமாக நிகழாமல் நகலெடுத்து அழிப்பதாகிவிடும். நாம் எதைத் தவிர்க்க வந்தோமோ அந்த அரைகுறை இடைவெளி மீண்டும் திறக்கும். இலக்கு ஒரு குறியிணைப்பாக, அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயராக, இருந்தால் எம்வி அந்த இணைப்பையே நீக்கிவிட்டுத் தான் உட்காரும். சிறிய கோப்புகளுக்கு இத்தனை சடங்கு வேண்டாம் என்றால், மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்பாஞ்ச், உள்ளீடு முழுவதையும் உறிஞ்சி முடித்த பின்பே இலக்கில் எழுதும். சார்ட்டுக்கோ அதன் "-ஓ" விருப்பமே போதும், உள்ளீட்டுக் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்கும் கொடுக்கலாம்.

ஸ்கிரிப்ட் கோப்புகளை நிறுவும்போது சிபிக்குப் பதிலாக குனு இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்தினால், அது பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிய கோப்பை உருவாக்கும். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க், இன்பிளேஸ் விருப்பம் கொடுக்காதவரை, தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றும் வழியையே பின்பற்றுகிறது. ஸ்கிரிப்ட்டின் பக்கத்திலிருந்தும் ஒரு தற்காப்பு உண்டு. வேலை முழுவதையும் மெயின் என்ற ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கடைசி வரியில் அதை அழைத்து, அதே வரியில் எக்ஸிட் என்று முடித்தால், பாஷ் அந்த ஃபங்ஷனை முழுதாகப் படித்து வாங்கிக்கொண்ட பின்பே ஓடத் தொடங்கும். அதன்பின் கோப்பின் மேல் யார் எதை எழுதினாலும் ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பாதிக்காது.

கியோட்டோவில் பேக்கப் வேலை உடனே நிறுத்தப்பட்டது. ஸ்கிரிப்ட்டின் குறையைச் சரிசெய்து, மீண்டும் நேராதபடி ஏற்பாடுகள் செய்தபின், 2022 ஜனவரி இறுதியில் தொடங்கத் திட்டமிட்டிருப்பதாகப் பல்கலைக்கழகத்தின் கணினி மையம் அறிவித்தது. மூலச் சேமிப்பகத்தின் கண்ணாடிப் பிம்பம் போல எடுக்கப்படும் முழுப் படியோடு, மாறிய கோப்புகளை மட்டும் தனியே சேர்க்கும் படியையும் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்கப்போவதாகவும் அது தெரிவித்தது. முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுமாறு பயனர்களைக் கேட்டுக்கொண்டது.